மிதவை ஜாக்கெட்: காற்றடைத்துப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: கோவளத்தில், காற்று சிலிண்டர் கட்டிக் கடலுக்குள் முங்கும் ஸ்கூபாவில் முதல் நிலைப் பயிற்சி முடித்திருக்கிறேன். அங்கே கொடுத்த பி.சி.டி. என்கிற மிதவை ஜாக்கெட், மேலே வந்து காற்றடைத்ததும் நெஞ்சைப் பிடித்தது. தோள் பக்கம் காதுவரை ஏறி நின்றது. சொந்தமாக வாங்க 30,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். தொந்தரவு தராத வகை எது?
வாசகர், பாளையங்கோட்டை

பதில்: நெஞ்சைப் பிடித்ததற்கும் தோளில் ஏறியதற்கும் காரணம் வேறு வேறு. பயிற்சி நிலையங்களில் பெரும்பாலும் கொடுப்பது ஜாக்கெட் வகை. அதில் காற்றுப்பை முதுகில் தொடங்கி இரண்டு விலாவையும் சுற்றி வரும். காற்று ஏறினால் வெளியே மட்டுமல்ல, உட்பக்கமும் உப்பும். காற்றில்லாதபோது வயிற்றுப் பட்டையை இழுத்துக் கட்டிவிட்டு, மேலே வந்து முழுக்கக் காற்றடித்தால் மூச்சுவிட இடமிருக்காது. தோளில் ஏறுவது, அளவு பெரிதாக இருப்பதால் அல்லது வயிற்றுப் பட்டை தளர்ந்து கிடப்பதால்.

இரண்டையும் மோசமாக்குவது, கீழே இறங்குவதற்காகக் கட்டும் ஈய எடை தேவைக்கு மேல் இருப்பது. புதிதாக முங்குகிறவர்கள் பதற்றத்தில் நெஞ்சு நிறைய மூச்சை வைத்துக்கொள்வார்கள், கீழே இறங்க மாட்டார்கள். அதனால் ஒன்றிரண்டு கிலோ கூடுதலாகக் கட்டிவிடுவது வழக்கம். கூடுதலான ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு லிட்டர் காற்று ஜாக்கெட்டில் கூடுதலாக வேண்டும். எனவே கடைக்குப் போகும் முன் எடையைச் சரிபாருங்கள். முங்கி முடித்து சிலிண்டரில் காற்றழுத்தம் 50 பார் இருக்கும்போது ஜாக்கெட்டிலுள்ள காற்றை முழுக்க விட்டுவிட்டு, சாதாரணமாக மூச்சை இழுத்துப் பிடித்து நிமிர்ந்து நில்லுங்கள். நீர்மட்டம் கண்ணுக்கு நேராக நின்று, மூச்சை விட்டதும் மெல்ல அமிழ்ந்தால் எடை சரி. இதைக் கடலில்தான் பார்க்க வேண்டும். நீச்சல் குளத்து நல்ல தண்ணீரைவிடக் கடல்நீர் 2.5 சதவீதம் போல அடர்த்தி கூடியது. ஆளும் சாமானும் சேர்ந்து 90 கிலோ என்றால் குளத்தில் கட்டியதற்கு மேல் 2 கிலோவுக்கு மேலே கடலில் தேவைப்படும்.

எடையைச் சரிசெய்த பிறகும் நெஞ்சைப் பிடித்தால், உங்களுக்கு முதுகுப்பை வகையைத்தான் சொல்வோம். காற்றுப்பை முழுக்க முதுகுப் பக்கம் இருக்கும். முன்னால் பட்டைகள் மட்டுமே. மேலே மிதக்கும்போது நிறையக் காற்றடித்தால் முகத்தை முன்னால் தள்ளும், அது ஒன்றுதான் குறை. பாதிக் காற்றோடு சற்று மல்லாக்கச் சாய்ந்துகொண்டால் தள்ளாது. எஃகுத் தகட்டில் தனிப்பை கோத்த வகையும் நல்லதுதான், வாரை உங்கள் உடம்புக்கு அளந்து பொருத்தித்தர ஆள் இருந்தால்.

‘20 கிலோ தூக்கும்’ என்ற விளம்பரத்துக்கு மயங்காதீர்கள். நம் பக்கத்துக் கடலுக்கு 3 மி.மீ. தடிமனுள்ள முங்கும் உடை போதும். ஆழத்தில் அது அமுங்கி இழக்கும் மிதப்பு 2 கிலோ போல. நிறைந்த 11 லிட்டர் அலுமினிய சிலிண்டருக்குள் இருக்கும் காற்றின் எடை இரண்டரை கிலோ போல. இரண்டையும் ஈடுகட்ட ஐந்து கிலோ கூட வேண்டாம் என்பதால், 12 கிலோ தூக்கும் பை தாராளம். பெரிய பையின் மடிப்புகளில் காற்று தங்கும், நீந்தும்போது இழுக்கும்.

காலி ஜாக்கெட்டைக் கண்ணாடி முன் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. முங்கும்போது உடுத்தும் உடையோடு போய், சிலிண்டர் மாட்டித் தரச் சொல்லுங்கள். தோள் பட்டைகளைத் தளர்த்திவிட்டு, முதலில் வயிற்றுப் பட்டையை இடுப்பெலும்புக்கு மேலே பொருத்துங்கள். பிறகு தோளை இறுக்குங்கள். அதிகக் காற்றை வெளியேற்றும் வால்வு ‘புஸ்’ என்று திறக்கும்வரை நிரப்பி, நெஞ்சு விரிய மூச்சு இழுங்கள். முட்டக்கூடாது. அப்படியே ஜாக்கெட்டைத் தோள் பக்கம் பிடித்து மேலே தூக்கும்படி வேறொருவரிடம் சொல்லுங்கள். தாடையைத் தொட்டால் அளவு பெரிது. பட்டைகளைக் கடைசிவரை இழுத்த பிறகுதான் பிடிக்கிறது என்றாலும் பெரிதுதான். அடுத்து கண்ணை மூடிக்கொண்டு இன்ஃப்ளேட்டர் (ஜாக்கெட்டுக்குக் காற்றேற்றும் கருவி) பொத்தான், தோளிலும் பின்புறம் அடியிலும் உள்ள காற்றுவிடும் கயிறுகள் எல்லாவற்றையும் கையால் தேடுங்கள். கலங்கல் தண்ணீரில் தேடுவதும் இப்படித்தான். தலையைப் பின்னால் சாய்த்தால் சிலிண்டர் வால்வில் இடிக்கிறதா? அது ஜாக்கெட்டின் குறை அல்ல. சிலிண்டரைக் கொஞ்சம் இறக்கிக் கட்டினால் போதும்.

ஆண்டுக்கு ஒருமுறைதான் முங்கப் போகிறீர்கள் என்றால், முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க்கும் துடுப்பும் மட்டும் வாங்கிக்கொண்டு ஜாக்கெட்டை வாடகைக்கே எடுங்கள்.

கேள்வி: என் உயரம் 5 அடி 1 அங்குலம். ‘மீடியம் எல்லாருக்கும் சேரும், பட்டையை இறுக்கிக்கலாம்’ என்கிறார் விற்பவர். சரியா?
வாசகி, வள்ளியூர்

பதில்: சரியில்லை. பட்டை சுற்றளவைக் குறைக்கும், முதுகு நீளத்தைக் குறைக்காது. பின்கழுத்தில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்புவரை டேப்பால் அளந்து, தயாரிப்பாளரின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். நீளம் கூடினால் ஜாக்கெட்டின் அடிப்பக்கம் ஈய பெல்ட்டின் கொக்கியை மறைக்கும். அவசரத்துக்கு அவிழ்க்கக் கை போகாது. பெண்களுக்கென்று வெட்டிய ஜாக்கெட்டில் முதுகு குட்டை, தோள் பட்டை மார்பின் வெளிப்பக்கமாக வளைந்து இறங்கும். நெஞ்சுக் குறுக்குப் பட்டையை ஏற்றி இறக்க முடிகிறதா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: வள்ளத்தில் போகும்போது இதையே லைஃப் ஜாக்கெட்டாகப் போட்டுக்கொள்ளலாமா?
வாசகர், உவரி

பதில்: கூடாது. நினைவிழந்தவரின் முகத்தை வானம் பார்க்கத் திருப்பி வைப்பது லைஃப் ஜாக்கெட்டின் வேலை. மிதவை ஜாக்கெட் அப்படித் தயாரிக்கப்படுவதில்லை. அதற்கான ஐரோப்பியத் தரம் ஈ.என். 1809; உயிர்காக்கும் ஜாக்கெட்டுகளுக்குத் தனித் தரம் இருக்கிறது.

கேள்வி: தெரிந்த அண்ணாச்சி ஒருவர் நாலைந்து வருடம் பழைய ஜாக்கெட்டைப் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?
வாசகர், தூத்துக்குடி

பதில்: சோதனையில் தேறினால் வாங்கலாம். வாயால் ஊதி விறைப்பாக்கி, வீட்டுக்குள் ஓர் இரவு வையுங்கள். வெயிலில் ஊதினால் இரவில் காற்று குளிர்ந்து தளரும், கசிவு என்று ஏமாறுவீர்கள். காலையில் துவண்டிருந்தால் சோப்பு நுரையை வால்வுகளிலும், குழாய் தோளில் சேருமிடத்திலும், தையல் ஓரங்களிலும் தடவுங்கள். வால்வில் குமிழி வந்தால் வாஷர் மாற்றிச் சரிசெய்யலாம். பையின் ஒட்டில் வந்தால் விட்டுவிடுங்கள்.

அதைவிட முக்கியம் இன்ஃப்ளேட்டர். சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரின் குழாயை மாட்டி, பொத்தானைப் பத்துமுறை அழுத்தி விடுங்கள். விட்ட நொடியே காற்று நிற்க வேண்டும். உள்ளே உப்புப் படிந்தால் வால்வு மூடாமல் காற்று ஏறிக்கொண்டே இருக்கும். ஆளை வேகமாக மேலே தூக்கி நுரையீரலைக் காயப்படுத்தும். கடலுக்கடியில் அப்படி ஆனால் குழாயைப் பிடுங்கிவிட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும். அதனால் ஈரக்கையோடு அந்த இணைப்பைக் கழற்ற முடிகிறதா என்றும் பாருங்கள். பிறகு பைக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, வெள்ளைத் துணியில் வடியுங்கள். சருகுபோல் துணுக்குகள் விழுந்தால் உட்பூச்சு உரிகிறது, வேண்டாம். மடிப்புக் குழாயை இழுத்துப் பிடித்தால் வெடிப்பு தெரியும். அதை மட்டும் தனியாக மாற்றலாம்.

வாங்கியபின், ஒவ்வொரு முறை முங்கி வந்ததும் உள்ளும் புறமும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். கடலோர ஊர்களில் போர் தண்ணீர் பல இடங்களில் உவர். அதில் அலசினால் மறுபடி உப்பே படியும். தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். லேசாக ஊதி நிழலில் தொங்கவிடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய புது ஜாக்கெட் முதல் நாளே கசிகிறது. ‘பயன்படுத்தியதைத் திரும்ப வாங்க மாட்டோம், வழக்கென்றால் டெல்லிக்கு வாருங்கள்’ என்கிறார்கள். என்ன செய்ய?
வாசகர், திசையன்விளை

பதில்: டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், உங்களுக்குத் திருநெல்வேலி. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக்கூடாது என்கின்றன. அளவை நீங்களே தவறாகத் தேர்ந்திருந்தால் இந்த விதி உதவாது. கடையின் திரும்பப்பெறும் நிபந்தனைதான் பேசும்.

ஜாக்கெட்டை நீரில் அமிழ்த்தி, குமிழி வருமிடமும் வரிசை எண்ணும் தெரிய வீடியோ எடுங்கள். பில்லோடு சேர்த்து அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். அசையாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவுசெய்துவிட்டு ஆணையத்துக்குப் போங்கள். அதுவரை ஜாக்கெட்டைப் பிரித்துப் பழுது பார்க்கவோ ஒட்டவோ வேண்டாம். வழக்குக்கான 2 ஆண்டுக் கெடுவும் ஓடிக்கொண்டிருக்கிறது.