எழுத வரும் ஆங்கிலம் பேச வராதது ஏன்?

கேள்வி: மன்னார்குடிக்கு அருகில் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள் நான். பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்து, பி.காம். முடித்துவிட்டு, கும்பகோணத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆங்கிலத்தில் மின்னஞ்சல்களைப் பிழையில்லாமல் எழுதிவிடுகிறேன். ஆனால், திங்கட்கிழமைதோறும் மும்பைத் தலைமையகத்துடன் தொலைபேசியில் ஆங்கிலத்தில் பேச வேண்டியிருக்கிறது; அப்போது உள்ளங்கை வியர்த்து, தெரிந்த சொல்லும் மறந்துவிடுகிறது. ஒருமுறை நான் தடுமாறியதைக் கேட்டுப் பக்கத்து மேசையில் சிரித்துவிட்டார்கள். ஆங்கில வகுப்பில் சேரலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் உங்கள் கடிதத்தையே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பிழையின்றி எழுதத் தெரிந்தவருக்கு இலக்கணத்தை மறுபடியும் முதலிலிருந்து கற்றுத் தருவதால் பெரிய பயன் இருக்காது. மேலும், மும்பைக்காரர்கள் சிரித்ததாக நீங்கள் எழுதவில்லை. சிரித்தது பக்கத்து மேசை.

இந்த அச்சம் உங்களுக்கு மட்டும் உரியதன்று. 1986இல் எலைன் ஹார்விட்ஸ் உள்ளிட்ட மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள், வேற்று மொழி வகுப்பில் மாணவர்களுக்கு எழும் பதற்றத்தை அளக்க 33 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். நான் பேசினால் மற்ற மாணவர்கள் சிரிப்பார்களோ என்ற பயமும் அவற்றில் ஒன்று. நம் தஞ்சைச் சீமைக்கு இதில் ஒரு பழைய சுமையும் உண்டு என்பது என் எண்ணம். ஆங்கிலப் பேச்சாற்றலால் 'வெள்ளி நாக்கு' என்று பெயர் வாங்கிய சீனிவாச சாஸ்திரி பிறந்த வலங்கைமான், உங்கள் ஊருக்கு அதிகத் தொலைவில் இல்லை. ஆங்கிலம் என்றால் அப்படித்தான் பேச வேண்டும், இல்லாவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இனி, சொல் வராமல் போவது எப்படி என்று பார்ப்போம். 'நேற்று வந்த சரக்கில் பாதி நனைந்திருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டோம்' என்று முதலில் மனத்துக்குள் தமிழில் அமைத்துக்கொள்கிறீர்கள். தமிழில் வினை கடைசியில் வருகிறது. ஆங்கிலத்திலோ யார், என்ன செய்தார் என்பது முன்னால் வர வேண்டும். ஆகவே வாக்கியத்தின் கடைசி வரை போய், அங்கிருந்து திரும்பி வந்து, எல்லாவற்றையும் இடம் மாற்றி அடுக்க வேண்டியிருக்கிறது. எழுதும்போது அதற்கு நேரம் கிடைக்கிறது, பேசும்போது கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு, யாராவது சிரிப்பார்களோ என்ற கவலையும் அதே வேளையில் மனத்தில் இடம் பிடித்துக்கொள்வதால், அடுக்கி வைத்ததும் கலைந்துபோகிறது.

அந்த நீண்ட வாக்கியத்தை உடைத்துவிடுங்கள். 'ஸ்டாக் கேம் எஸ்டர்டே. ஹாஃப் வாஸ் வெட். வீ சென்ட் இட் பேக்.' இவ்வளவு போதும். ஞாயிற்றுக்கிழமை மாலையில், மறுநாள் சொல்ல வேண்டியவற்றை இப்படிச் சிறு சிறு வாக்கியங்களாக எழுதி, கொல்லைப்புறத்தில் நின்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனத்துக்குள் படிப்பது உதடுக்கும் நாக்குக்கும் பயிற்சியாகாது. முதல் வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். எதிர்பாராத கேள்வி வந்தால் 'ஒன் மினிட், ஐ வில் செக்' என்று சொல்லி நேரம் வாங்கிக்கொள்ளலாம். கணக்கு பார்ப்பவர் அப்படிச் சொல்வதை யாரும் குறையாக எண்ண மாட்டார்கள். முதல் சில வாரங்களுக்கு, பக்கத்து மேசைக்குக் கேட்காத ஓர் இடத்திலிருந்து பேசுவதற்கு மேலாளரிடம் தயங்காமல் அனுமதி கேளுங்கள்.

உங்கள் பகுதிக்கு நடவு வேலைக்காக மேற்கு வங்கத்திலிருந்து வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். 'நாத்து இல்லே, கட்டு வேணும்' என்று அவர்களில் ஒருவர் வரப்பிலிருந்து குரல் கொடுத்தால், வயல்காரர் நாற்றுக்கட்டை அனுப்புகிறார். வேற்றுமை உருபு எங்கே என்று கேட்பதில்லை. மும்பையில் உங்கள் பேச்சைக் கேட்பவருக்கும் வேண்டியது சரக்குக் கணக்குதான்.

தமிழில் நாலு பேர் முன் பேசும்போதும் இதே அளவு படபடப்பு வருமானால், அதை மொழிச் சிக்கலாகக் கருத வேண்டாம்; தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒருமுறை ஆலோசனை பெறுங்கள்.

வரும் திங்கட்கிழமை பேசி முடித்ததும், எத்தனை பிழை விட்டோம் என்று எண்ண வேண்டாம். அவர்கள் கேட்ட விவரங்களில் எத்தனை போய்ச் சேர்ந்தன என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். நாலு திங்கட்கிழமை கழித்து அந்தத் தாளைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.