சூடானதும் நின்றுவிடும் கார்: எங்கிருந்து தேடுவது?

கோலாலம்பூரின் பழைய கிள்ளான் சாலை நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தபின் கார் நின்றுவிடுகிறது, இருபது நிமிடம் கழித்து ஒன்றும் நடவாததுபோல் கிளம்புகிறது, பேட்டரியை மாற்றியும் பயனில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

சூட்டில் நின்று, ஆறியதும் கிளம்பும் வண்டியில் நான் முதலில் ஐயப்படுவது கிராங்க் சென்சாரைத்தான். எஞ்சினின் சுழற்சியை இது தெரிவித்தால்தான் கணினி தீப்பொறியையும் பெட்ரோலையும் விடும். உள்ளிருக்கும் மெல்லிய கம்பிச்சுருள் வெப்பத்தில் விரிந்து தொடர்பு அறுந்தால் இரண்டும் ஒருசேர நின்றுபோகும். ஆறியதும் தொடர்பு திரும்பிவிடுவதால், பட்டறைக்குப் போய்ச் சேரும்போது குறையே தெரியாது. மெக்கானிக்கைக் குறைசொல்லிப் பயனில்லை.

ஆகவே வண்டியை ஓரங்கட்டியபின், நின்ற இடத்திலேயே சோதியுங்கள். சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பினால், பெரும்பாலான கார்களில் பின்னிருக்கைப் பக்கம் ஓரிரு விநாடி பெட்ரோல் பம்பின் ரீங்காரம் கேட்கும். கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். கேட்டால், ஸ்டார்ட்டர் சுற்றும்போது எஞ்சின் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளைக் கவனியுங்கள்: பல கார்களில் அது சற்றும் அசையாமல் கிடப்பது சென்சார் சமிக்ஞை வரவில்லை என்பதற்கு அடையாளம். கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரில், கிராங்க் சென்சார் சுற்றுக் கோளாறைக் குறிக்கும் பி0335 என்ற குறியீடு இருந்தால் ஐயம் வலுப்படும். இல்லாததால் மட்டும் சென்சார் நல்லது என்றாகிவிடாது.

ஸ்டார்ட்டரே சுற்றவில்லையென்றால் அது வேறு கதை. பேட்டரி முனைகளையும் எர்த் கம்பியையும் சுத்தம் செய்து இறுக்குங்கள், ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, ஸ்டார்ட் செய்யும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் புதியதாயினும் அதை நம்பாதீர்கள்.