கம்பியை இழுக்கும்போது உருக்கின் உள்ளே என்ன மாறுகிறது?

கல்முனையில் வீடு கட்டுமிடத்தில் மேசன் கட்டுக்கம்பியை ஒரே இடத்தில் நாலைந்து தரம் மடித்து முறித்தாராம். இளகியிருந்த கம்பி முறியுமுன் ஏன் விறைத்தது என்று கேட்டிருக்கிறீர்கள். மடிப்பின் வெளிப்பக்கம் இழுபடுகிறது. ஆகவே இழுவையின் கதைதான் இதுவும்.

நுணுக்குக்காட்டியில் உருக்கு ஒரே துண்டல்ல, நெருங்கி ஒட்டிய சின்னஞ்சிறு மணிகள். ஒவ்வொரு மணிக்குள்ளும் அணுக்கள் வரிசையாக நிற்கும். வரிசை பிசகிய கோடுகளை டிஸ்லொகேஷன் என்பார்கள். இலேசாக இழுத்தால் அணுக்கள் சற்றே விலகும், விட்டால் மீளும். எல்லை தாண்டினால் அந்தக் கோடுகள் நகரத் தொடங்கும். மென்னுருக்கில் கார்பன், நைதரசன் அணுக்கள் அவற்றை முதலில் பிடித்துவைத்திருப்பதால், பிடி விடுபடும்போது தாங்குவிசை சட்டென இறங்கும்.

நகர்ந்த கோடுகள் பெருகும். சதுர சென்டிமீட்டருக்குப் 10 கோடி அளவில் இருந்தவை 10,000 கோடியையும் தாண்டலாம். வாவியில் சிக்குப்பட்ட வலையை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றை இழுத்தால் பத்து தடுக்கும். விறைப்பு அதுதான். மணிகளும் இழுத்த திசையில் நீளும்.

கடைசியில் கம்பி ஓரிடத்தில் மெலியும். உள்ளே மாங்கனீசு சல்பைடு போன்ற அழுக்குத் துணுக்குகளைச் சுற்றி நுண்துளைகள் பிறந்து, ஒன்றோடொன்று சேர்ந்து அறுக்கும். நேராக இழுத்து அறுத்தால், அறுந்த இடத்தில் ஒரு துண்டின் முனை கிண்ணம், மற்றத் துண்டின் முனை கூம்பு.

விறைத்த கம்பியைச் செந்நிறமாகக் காய்ச்சி ஆறவிட்டால் புது மணிகள் முளைத்துத் திரும்ப இளகும். கடையில் கட்டுக்கம்பி கறுப்பாக, மென்மையாகக் கிடைப்பது அப்படிக் காய்ச்சியதால்தான்.