வாசலில் நிற்கும் கால், மாடி ஏறும் கால்

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. நான்கு ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். குளியலறை வாசலுக்கு வந்தால் பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டதைப் போல நின்றுவிடுகிறார். ஆனால் மொட்டைமாடிப் படிகளை மடமடவென்று ஏறுகிறார். அம்மா இதை அடம் என்கிறார். மூளையின் ஆழத்தில்தான் கோளாறு என்றார் மருத்துவர். சிறுமூளைக்கும் இதில் பங்குண்டு என்கிறார் நண்பர். எது சரி? நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: இது அடம் இல்லை என்பதை முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். படி ஏறுகிறவர் சமதரையில் உறைந்து நிற்பது இந்த நோயில் வழக்கமாகக் காணும் காட்சிதான்.

மருத்துவர், நண்பர் இருவர் சொன்னதும் சரி. யோசிக்காமல் தானாக ஓடும் அசைவுகளை நடத்துவது மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா. இந்த நோயில் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் வற்றும்போது அங்கேதான் சிக்கல். சிறுமூளை இருப்பது பின்மண்டையில். அசைவின் அளவையும் நேரத்தையும் திருத்துவது அதன் வேலை. உருவத்தில் மூளையில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மூளையின் சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஏறத்தாழ 6,900 கோடி அங்கே குடியிருக்கின்றன.

இவை இரண்டும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை, மேலே இருக்கும் பெருமூளைப் புறணியில்தான் சந்திக்கின்றன என்றுதான் பாடநூல்கள் வெகுகாலம் சொல்லிவந்தன. அதை உடைத்தது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் நரம்பியல் ஆய்வாளர் பீட்டர் ஸ்ட்ரிக்கின் குழு. கருவியாக அவர்கள் எடுத்தது, எதை என்று நினைக்கிறீர்கள்? வெறிநாய்க்கடி வைரஸை! அது ஒரு நரம்பணுவிலிருந்து, அதற்குச் செய்தி அனுப்பும் நரம்பணுவுக்குப் பின்னோக்கித் தாவும். எத்தனை நாளில் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்தால், இடையில் செய்தி எத்தனை கை மாறுகிறது என்று தெரிந்துவிடும். குரங்குகளின் பேசல் கேங்லியாவில் செலுத்திய வைரஸ், மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ் வழியாகச் சிறுமூளையின் டென்டேட் முடிச்சில் போய் நின்றது, இது 2005இல். வைரஸ் போவது பின்னோக்கி என்பதால், சிறுமூளை பேசல் கேங்லியாவுக்குச் செய்தி அனுப்புகிறது என்று பொருள். 2010இல் எதிர்த்திசைப் பாதையும் தெரிந்தது. பேசல் கேங்லியாவைச் சேர்ந்த சப்தலாமிக் நியூக்ளியஸ், மூளைத்தண்டில் உள்ள பான்ஸ் பகுதியில் ஒரே ஒரு கை மாற்றி, சிறுமூளையின் மேலுறைக்குச் செய்தி அனுப்புகிறது. பார்க்கின்சன் அறுவை சிகிச்சையில் மின்முனையைப் பெரும்பாலும் பொருத்துவது இதே சப்தலாமிக் நியூக்ளியஸில்தான்.

மாத்திரையால் விறைப்பு தளர்ந்தாலும் சிலருக்குக் கைநடுக்கம் விடாமல் நிற்பதற்கும் இந்தத் தொடர்பு ஒரு காரணம்: நடுக்கத்தைத் தொடங்கிவைப்பது பேசல் கேங்லியா, பெருக்குவது சிறுமூளைச் சுற்று என்று கருதப்படுகிறது. ஆகவே நடுக்கம் போகவில்லையே என்று நீங்களாகவே மாத்திரையைக் கூட்டாதீர்கள்.

இப்போது படிக்கட்டு. சமதரையில் அடுத்த அடியைக் காலே தானாக எடுக்க வேண்டும். அப்பாவுக்கு முடியாமல் போவது அதுதான். படியோ கண்ணுக்கு இலக்கு காட்டுகிறது. கண்பார்த்து எடுக்கும் அடியைச் சிறுமூளையும் புறணியின் சில பகுதிகளும் சேர்ந்து ஏற்றுக்கொள்கின்றன என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். தானாக ஓடும் பாதை அடைபட்டால் பக்கத்துச் சாலையில் போவதைப் போல.

அந்தச் சாலையை வாசலுக்கே கொண்டுவாருங்கள். வாசலுக்கு நாலைந்து அடி முன்பிருந்தே, தரையின் நிறத்துக்கு எடுப்பான நிறத்தில் குறுக்குக் கோடுகள் போடுங்கள். அப்பா முன்பு எட்டுவைத்து நடந்த தூரமே இடைவெளி. ஈரம் படும் இடத்தில் ஒட்டுநாடா வேண்டாம். ஓரம் பெயர்ந்தால் காலை வாரிவிடும். அங்கே பெயின்ட் கோடு நல்லது. உறைந்து நிற்கும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், குப்புற விழுவார். நிற்கட்டும். உடல் எடையை ஒரு காலுக்கு மாற்றி, "ஒன்று, இரண்டு" என்று நீங்கள் எண்ண, கோட்டைத் தாண்டட்டும்.

ஒரு வாரத்துக்கு, எந்த நேரத்தில் உறைகிறார், கடைசி மாத்திரை சாப்பிட்டு எவ்வளவு நேரமானது என்று குறித்துவையுங்கள். மாத்திரையின் வேகம் தணியும் நேரத்தில்தான் உறைகிறார் என்றால், வேளையை மாற்றியே மருத்துவரால் ஓரளவு சரிசெய்ய முடியும். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்திலும் உறைந்தால், அதைக் கட்டாயம் தனியாகச் சொல்லுங்கள். அதற்குச் சிகிச்சை வேறு.