நெல் சுணை, எலி, ஹைப்ரிட் கார்: கேள்வி பதில்

நான் கும்பகோணத்துக்காரன். விதைநெல் வியாபாரம். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, சீர்காழி என்று வாரம் முழுக்க அலைச்சல். 2013 மாடல் டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட் (பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார்) ஒன்றை நாலு வருடம் ஓடிய பிறகு இரண்டாம் கையாக வாங்கினேன். இப்போது மீட்டரில் 2,38,000 கிலோமீட்டர். நான் மெக்கானிக் இல்லை, கையைச் சுட்டுக்கொண்டு கற்றுக்கொண்டவன். அந்த அளவில் பதில்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, எட்டு வருடம் தாண்டிய ஹைப்ரிட் ஒன்று விலைக்கு வருகிறது. பேட்டரி போனால் லட்சக்கணக்கில் செலவு என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். வாங்கலாமா? (திருவாரூர்)

பயம் நியாயம்தான் தம்பி. ஹைப்ரிட் பேட்டரிக்கு இங்கே வழக்கமாக 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி. அதைத் தாண்டிவிட்டால் செலவு நம் தலையில்தான். ஆனால் வாரண்டி முடிந்த மறுநாளே பேட்டரி செத்துவிடாது.

பழைய கேம்ரியில் இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. 7.2 வோல்ட் கட்டைகள் 34 வரிசையாகக் கோத்து மொத்தம் 244.8 வோல்ட். கம்ப்யூட்டர் அவற்றை இரண்டிரண்டாக, 17 தொகுதிகளாகப் பார்க்கிறது. வாங்கப் போகும்போது ஓபிடி கருவி (காரின் கம்ப்யூட்டரைப் படித்துக் காட்டுவது) ஒன்றைச் செருகிச் செல்போனில் அந்த 17 தொகுதியின் வோல்ட்டையும் பாருங்கள். வண்டி நிற்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும், அதை நம்பாதீர்கள். ஏதாவது ஒரு பாலத்து ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதிக்கச் சொல்லி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். 16 தொகுதி சேர்ந்து இறங்க, ஒன்று மட்டும் ஒரு வோல்ட்டுக்கு மேல் தனியாக விழுந்தால் அந்த வண்டி வேண்டாம். ‘கெட்ட கட்டையை மட்டும் மாற்றித் தருகிறேன்’ என்று ஒருவர் வருவார். மற்ற 33-ம் அதே வயசுதானே? ஆறு மாதத்தில் அடுத்தது போகும்.

உங்கள் வண்டியில் பேட்டரித் தொல்லை வந்ததே இல்லையா? (பாபநாசம்)

வந்தது. தப்பு முழுக்க என்னுடையது.

ஒரு வைகாசி. குறுவைக்கு விதை கேட்டு ஒரே நெருக்கடி. லோடு ஆட்டோ கிடைக்கவில்லை என்று மூட்டைகளைப் பின்சீட்டிலேயே அடுக்கி ஓட்டிக்கொண்டிருந்தேன். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றபோது பின்னாலிருந்து ‘உய்ங்’ என்று ஒரு சத்தம். ஏசியில் கோளாறு என்று நினைத்தேன். கேட் திறந்து நாலு கிலோமீட்டர் போவதற்குள் டாஷ்போர்டில் முக்கோண விளக்கு எரிந்து, ஹைப்ரிட் சிஸ்டத்தைச் சோதிக்கச் சொன்னது.

விஷயம் இதுதான். பேட்டரி சூடாகாமல் இருக்க, வண்டிக்குள் இருக்கும் குளிர்ந்த காற்றையே ஒரு விசிறி இழுத்து அதன்மேல் விடுகிறது. அந்தக் காற்று போகிற வழி பின்சீட்டை ஒட்டி இருக்கும். வண்டிக்கு வண்டி இடம் மாறும், கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். என் வண்டியில் அதன் வாயிலேயே மூட்டை சாய்ந்திருந்தது. கழற்றிப் பார்த்தபோது விசிறி இதழ்களில் நெல் சுணை, அதாவது நெல்லின் மேலிருந்து உதிரும் பொடி முடி, கம்பளி மாதிரி அப்பியிருந்தது. விரல் நகத்தால் சுரண்டினால் பட்டையாக வந்தது. அன்றைக்குச் செலவு வெறும் கூலிதான். ஆனால் அத்தனை மாதம் சூட்டில் வெந்த பேட்டரி 1,90,000-ல் கையை விரித்துவிட்டது. புதிதாக முழுசும் மாற்றினேன். வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

இப்போது ஒவ்வோர் அறுப்பு முடிந்ததும் விசிறியைக் கழற்றிப் பிரஷால் துடைத்துவிடுகிறேன். நம் ஊரில் பாதி ரோடு களம். நெல் காயப்போட்டிருக்கும் பக்கம் போகும்போது கண்ணாடியை ஏற்றி, ஏசியில் உள்காற்றை மட்டும் சுழலவிடுங்கள். ரோட்டில் வைக்கோல் பரப்பியிருந்தால் அதன்மேல் வண்டியை நிறுத்தவே கூடாது. சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளும். இது எந்தக் காருக்கும் பொருந்தும்.

மைலேஜ் உண்மையில் எவ்வளவு சார்? (தஞ்சாவூர்)

காகிதத்தில் 19.16. எனக்கு மயிலாடுதுறை ரோட்டில் 50, 60-ல் ஊர் ஊராகப் பிரேக் போட்டுப் போனால் 17 வரும். சென்னைக்கு 110-ல் விரட்டினால் 14-தான். பிரேக் போடும்போது வீணாகும் வேகத்தைத் திரும்பப் பிடித்து வைப்பதுதான் ஹைப்ரிட்டின் வித்தை. பிரேக்கே போடாத நாற்கர சாலையில் அதற்கு வேலை இல்லை. எத்தனால் கலந்த பெட்ரோலில் கொஞ்சம் குறையத்தான் செய்யும். எத்தனாலில் லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு சக்தி கம்மி.

மகன் சிங்கப்பூரில். அவன் வாங்கி நிறுத்திய ஹைப்ரிட் கார் வீட்டில் சும்மா நிற்கிறது. மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்தால் போதுமா? (வலங்கைமான்)

போதாது ஐயா. இதில் இரண்டு பேட்டரி. பெரியது காரை ஓட்ட. சின்ன 12 வோல்ட் பேட்டரி கம்ப்யூட்டரை எழுப்பி, பெரிய பேட்டரியின் இணைப்பைப் போட. சும்மா நிற்கும் காரில் முதலில் சாவது சின்னதுதான். அது செத்தால் பெரியதில் எவ்வளவு சார்ஜ் இருந்தும் பயனில்லை.

வாரம் ஒருமுறை பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தி, ‘ரெடி’ விளக்கு வந்த பிறகு அரை மணி நேரம் விடுங்கள். என்ஜின் ஓடவில்லையே என்று குழம்பாதீர்கள். ரெடி விளக்கு எரிந்தால் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்தி ரேடியோ மட்டும் கேட்டால் சார்ஜ் இறங்கும். முடிந்தால் ஓட்டக்கூடிய ஒருவரை விட்டு வலங்கைமான் கோயில் வரைக்கும் ஒரு நடை போய்வரச் சொல்லுங்கள்.

எலித் தொல்லை தாங்கவில்லை. ஆரஞ்சு ஒயரைக் கடித்துவிட்டது. இன்சுலேஷன் டேப் சுற்றினால் போதுமா? (கூத்தாநல்லூர்)

தொடாதீர்கள்! ஆரஞ்சு என்றாலே உயர் அழுத்தக் கரண்ட். மேலுறையில் மட்டும் பல் பட்டிருந்தாலும் பயிற்சி உள்ளவர்தான் பார்க்க வேண்டும். கரண்ட் கசிவு இருந்தால் கம்ப்யூட்டரே கண்டுபிடித்து எச்சரிக்கும், வண்டியைக் கிளம்ப விடாமலும் இருக்கலாம். அது நமக்கு நல்லதுதான்.

சம்பா அறுத்ததும் வயல் எலிக்குத் தீனி போய்விடும். தை, மாசியில் நேராக ஷெட்டுக்கு வரும். என்ஜின் சூடு அதற்கு மெத்தை. ரசகற்பூரம், புகையிலை, ஸ்பிரே எல்லாம் பார்த்துவிட்டேன், ஒரு வாரம்தான் தாங்கும். வைக்கோல் போருக்கும் ஷெட்டுக்கும் நடுவே இடைவெளி விட்டேன், ராத்திரி பானெட்டைத் திறந்து வைத்தேன், ஷெட்டைச் சுற்றித் தஞ்சாவூர் கிட்டி வைக்கச் சொன்னேன். வயலில் மூங்கிலை வளைத்து வைப்பார்களே, அதே கிட்டிதான். இரண்டு ராத்திரியில் பதினொன்று விழுந்தது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீரில் ஓட்டினால் ஷாக் அடிக்குமா? (சீர்காழி)

அடிக்காது. உயர் அழுத்த ஒயர்கள் வண்டியின் பாடியோடு சேராமல் தனியாக இருக்கும். கோளாறு என்றால் ரிலே தானே துண்டிக்கும். அதற்காக வாய்க்கால் உடைந்த தண்ணீரில் இறக்காதீர்கள். கதவுப்படி வரை தண்ணீர் நின்றால் திரும்பிவிடுங்கள். உள்ளே புகுந்துவிட்டால் பட்டனை அழுத்தவே வேண்டாம். முழு வண்டியையும் தூக்கி ஏற்றும் லாரியில் கொண்டுபோங்கள். முன்சக்கரம் தரையில் உருள இழுத்தால் மோட்டாரும் சுற்றிக் கரண்ட் உண்டாக்கும்.

பிரேக் பேட் லேசில் தேயாது என்கிறார்களே? (வேதாரண்யம்)

உண்மை. எனக்கு முதல் செட் 1,10,000 வரை வந்தது. ஆனால் உங்கள் ஊர் உப்பளக் காற்றுக்குத் தேயாததே வினை. அதிகம் உழைக்காத டிஸ்க் துருப்பிடிக்கும், பேடை அழுத்திப் பிடிக்கும் கேலிப்பரின் பின் இறுகும். வருடம் ஒருமுறை கழற்றிக் கிரீஸ் போடச் சொல்லுங்கள்.

ஆயில் கணக்கு சொல்லுங்கள். (மன்னார்குடி)

என்ஜின் ஆயில் 0டபிள்யூ-20, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை. கியர் ஆயில் ஆயுளுக்கும் போதும் என்பார்கள். நான் 80,000-க்கு ஒருமுறை மாற்றுகிறேன், கறுத்துத்தான் வருகிறது. பேட்டரி கரண்ட்டை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டருக்குத் தனிக் கூலன்ட் டப்பா உண்டு, பல ஒர்க்‌ஷாப்பில் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. எத்தனை கிலோமீட்டரில் மாற்றுவது என்பதைக் கையேட்டில் பாருங்கள்.

அவசரத்துக்கு என் ஹைப்ரிட்டிலிருந்து ஒயர் போட்டு டிராக்டரை ஸ்டார்ட் செய்யலாமா? (ஒரத்தநாடு)

கூடாது. இதில் ஸ்டார்ட்டர் மோட்டாரே இல்லை, 12 வோல்ட் பேட்டரியும் பொடிசு. டிராக்டர் இழுக்கும் ஆம்பியரில் உங்கள் ஃபியூஸ் போய், இரண்டு வண்டியும் வரப்போரம் நிற்கும். நாலு பேரைக் கூப்பிட்டு டிராக்டரைத் தள்ளுங்கள்.