4 என்டியு, 7 எஃப்என்யு: எது சரி?

வணக்கம். போர்வெல் தண்ணீரின் கலங்கலுக்கு ஆய்வகம் 4 என்டியு கொடுத்திருக்கிறது, உங்கள் கைக்கருவி 7 எஃப்என்யு காட்டுகிறது, எது தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். என்டியு, எஃப்என்யு இரண்டுமே கலங்கலை அளக்கும் அலகுகள். இரண்டுமே சரியாக இருக்கலாம்.

இரண்டு கருவியும் தண்ணீருக்குள் ஒளியை விட்டு, 90 டிகிரி பக்கவாட்டில் எவ்வளவு சிதறுகிறது என்றுதான் பார்க்கின்றன. என்டியு முறையில் வெள்ளை ஒளி, எஃப்என்யு முறையில் 860 நானோமீட்டர் அளவிலான அகச்சிவப்பு ஒளி. இரண்டையும் ஃபார்மசின் என்ற கலங்கல் திரவத்தை வைத்தே அளவுதிருத்தம் செய்வதால் அந்தத் திரவத்தில் எண் ஒத்துப்போகும், ஆனால் நிஜத் தண்ணீரில் துகளின் அளவும் நிறமும் மாறுவதால் ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயமில்லை. அதனால் ஒன்றை இன்னொன்றாக மாற்ற சூத்திரம் தேடாதீர்கள். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றும் மாற்ற முடியாது, அது துகளின் எடை, வேறு சோதனை.

எனக்கு இரும்பு மேல்தான் சந்தேகம். இரும்பு உள்ள போர் தண்ணீர் தெளிவாக வந்து, காற்றுப் பட்டதும் பழுப்பாகக் கலங்கும். நீங்கள் எப்போது அளந்தீர்கள், ஆய்வகம் எப்போது அளந்தது என்பதிலேயே எண் மாறிவிடும். ஒரே பாட்டில் தண்ணீரை, குமிழி இல்லாமல், குப்பியை நன்றாகத் துடைத்து, ஒரே நேரத்தில் இரண்டிலும் அளந்து பாருங்கள்.

அப்புறம், ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரநிலைப்படி கலங்கல் 1 என்டியு வரைதான் இருக்கலாம், வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 5 வரை. அதனால் 4 என்று வந்ததை வைத்து நிம்மதியாகிவிடாதீர்கள், இரும்புச் சோதனையும் செய்துவிட்டு ஃபில்டர் வாங்குங்கள்.