வாசகர் கேட்டவை: ஆற்றுப் பயணமும் பர்மியப் படகுகளும்

குளிர்கால விடுமுறைக்கு நீர்வழிப் பயணம் செல்ல விரும்புவோர் தங்கள் ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களுள் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே விடை தருகிறோம். விடுமுறையைப் பற்றிக் கேட்டவர்களை விடப் படகுகளைப் பற்றிக் கேட்டவர்கள் மிகுதியாக இருந்தது மகிழ்ச்சி தருகிறது.

எழுபது வயதைக் கடந்த என் பெற்றோர், மண்டலேயிலிருந்து பாகானுக்கு ஐராவதியில் படகில் போக வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எந்த மாதம் ஏற்றது? ஒரே நாளில் போய்ச் சேர முடியுமா?
— வாசகர், பசுண்டவுங், யாங்கூன்

ஆற்றோட்டத்தோடு கீழ்நோக்கிப் போகும் பயணம் என்பதால், விடியற்காலையில் புறப்படும் பகல் படகு ஏறத்தாழ பத்து மணி நேரத்தில், மாலைக்குள் பாகானைச் சேர்ந்துவிடும். பாகானிலிருந்து மண்டலேக்கு நீரோட்டத்தை எதிர்த்து வருவதற்கு அதைவிட நேரம் பிடிக்கும் என்பதால், பெரியவர்களை அழைத்துச் செல்வோர் திரும்பும் வழிக்குச் சாலையையோ விமானத்தையோ வைத்துக்கொள்வது நல்லது.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில் வெயிலைவிட ஆற்று நீரின் அளவே முதன்மையானது. மண்டலேயில் ஆற்றின் மிகத் தாழ்ந்த மட்டத்துக்கும் ஆகஸ்டு மாத வெள்ள மட்டத்துக்கும் இடையே சராசரியாக 32 அடி வேறுபாடு உண்டு. மழைக்காலத்தில் நீர் அகன்று, வேகம் மிகுந்து, கரையிலுள்ள கோயில்களும் ஊர்களும் தொலைவுக்குப் போய்விடும். மார்ச், ஏப்ரலில் நீர் வடிந்து மணல் திட்டுகள் எழும். படகு ஓடும் நீர்த்தடம் ஆண்டுதோறும் இடம் மாறும். அப்போது பெரிய படகுகளின் முன்புறமான அணியத்தில் ஆட்கள் நின்று, கட்டம் கட்டமாக வண்ணம் பூசிய மூங்கில் கழியை நீரில் ஊன்றி ஊன்றி ஆழம் சொல்லிக்கொண்டே வருவார்கள். அத்தனை கவனத்துக்குப் பிறகும் படகு மணலில் தட்டி மணிக்கணக்கில் நிற்பதுண்டு. ஆகவே நவம்பர் நடுப்பகுதியிலிருந்து பிப்ரவரித் தொடக்கம் வரை உள்ள நாட்களே உங்கள் பெற்றோருக்கு ஏற்றவை.

படகைப் பதிவு செய்யும்போது மூன்று செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: நிழலில் சாய்ந்து அமர இருக்கை உண்டா, கழிவறை எந்தத் தட்டில் இருக்கிறது, இறங்கும் துறையில் படிக்கட்டு உண்டா என்பவை அவை. பல துறைகளில் கரைக்கும் படகுக்கும் இடையே ஒற்றைப் பலகைதான் இருக்கும். படகாட்கள் இருவர் மூங்கிலை இருபுறமும் பிடித்துக் கைப்பிடியாகத் தருவார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது எளிதன்று.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2021க்குப் பிறகு ஐராவதியின் நடுப்பகுதிக் கரைகளில் அமைதி குலைந்திருக்கிறது; 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மண்டலேயும் சகாயிங்கும் பெருஞ்சேதம் அடைந்தன. புறப்படும் வாரத்தில் மண்டலேயில் உள்ள உறவினரிடமோ கோயில் அறங்காவலரிடமோ நேரில் கேட்டு உறுதி செய்த பிறகே பணம் கட்டுங்கள். சிறிது ஐயம் இருந்தாலும் இவ்வாண்டு தள்ளிவைத்துவிடலாம்.

டெல்டாப் பகுதியில் நெல் ஏற்றி வந்த பெரிய பாய்ப் படகுகளைப் பற்றி என் பாட்டனார் வியந்து பேசுவார். பின்பகுதியில் கோயில் தேரைப் போன்ற மரவேலைப்பாடு இருக்கும் என்பார். அவை எவ்வாறு கட்டப்பட்டன? இன்று எங்கேனும் காண முடியுமா?
— வாசகி, தன்லின்

உங்கள் பாட்டனார் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அந்தப் படகின் அடிப்பாகம் ஒரே மரத்தைக் குடைந்து செய்யப்பட்டது. குடைந்த மரத்தை மெல்லிய நெருப்பின் மேல் வைத்து, சூடேறி இளகும்போது பக்கங்களைச் சிறிது சிறிதாக விரிப்பார்கள். இவ்வாறு அகன்ற அடிமரத்தின் மேல் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து உயர்த்தி, மூங்கில் பாயால் கூரை வேய்வார்கள். அணியம் தாழ்ந்து நீரைத் தொட்டுக்கொண்டிருக்க, பின்புறமான அமரம் மட்டும் மேலே எழுந்து நிற்கும். அங்கே பூவும் கொடியுமாகச் செதுக்கிய உயர்ந்த இருக்கையில் சுக்கான் பிடிப்பவர் அமர்ந்திருப்பார். சுக்கான் என்பதும் படகின் பக்கவாட்டில் கட்டிய பெரிய துடுப்புதான். உயர்ந்த இருக்கை அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. கூரைக்கும் நெற்குவியலுக்கும் மேலாகத் தொலைவிலுள்ள மணல் திட்டைப் பார்க்க அந்த உயரம் அவருக்குத் தேவைப்பட்டது.

பாய்மரம் ஒற்றைக் கம்பமாக இராது. படகின் இருபுறத்திலிருந்தும் எழுந்து உச்சியில் கூடும் இரண்டு மரங்களே பாய்மரம். அதன் உச்சியிலிருந்து பல கயிறுகளால் தொங்கவிடப்பட்ட பருமல், அதாவது பாயைத் தாங்கும் குறுக்குக் கழி, ஒட்டுப்போட்டு நீட்டிய மூங்கிலால் ஆனது. இரு முனைகளும் வில்லாக மேல்நோக்கி வளைந்திருக்கும். அதில் மெல்லிய பருத்தித் துணிப் பாய், திரைச்சீலை வளையங்களில் ஓடுவதைப் போல இருபக்கமும் இழுத்து விரிக்கப்படும். கனமான துணியை அந்த மூங்கில் தாங்காது என்பதால்தான் அத்தனை மெல்லிய துணி. இந்தப் பாய், பின்னாலிருந்து வீசும் காற்றுக்கு மட்டுமே பயன்படும். காற்றை எதிர்த்தோ குறுக்காகவோ செலுத்த இயலாது. ஆயினும் ஐராவதியில் அதுவே போதுமானதாக இருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று ஆற்றின் எதிர்த்திசையில், தெற்கிலிருந்து வடக்காக வீசுகிறது. காற்று மேலே கொண்டு போகும், நீரோட்டம் கீழே கொண்டு வரும். இயற்கையின் இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்து, அதற்கு அளவெடுத்ததாகவே ஒரு படகை வடித்த அந்தத் தச்சர்களின் அறிவை நினைக்கும்போது மிகுந்த மதிப்பு உண்டாகிறது.

மரத்தைப் பாதுகாக்க, யெனாஞ்சௌங் கிணறுகளிலிருந்து எடுத்த மண்ணெண்ணெயைப் பூசுவது பழைய வழக்கம். இன்று விளக்கெரிக்கும் தெளிந்த எண்ணெய் அன்று. நிலத்திலிருந்து எடுத்தபடியே உள்ள கரிய, கெட்டியான எண்ணெய். கீழ்ப்பர்மாவில் நீர்வழிகளின் காவல் தெய்வமாகக் கருதப்படும் ஊ ஷின் ஜிக்குத் தேங்காயும் வாழைப்பழமும் படைத்த பிறகே பயணம் தொடங்குவார்கள். அந்தப் படையலை இன்றும் மோட்டார்ப் படகுகளில் காணலாம். படகுகள்தாம் போய்விட்டன. நீராவிக் கப்பலும், பிறகு மோட்டார் எந்திரமும், லாரியும் அவற்றின் வேலையை எடுத்துக்கொண்டன. டெல்டாவில் இன்று நெல் ஏற்றி வருவன எந்திரம் பூட்டிய மரப்படகுகள். அவற்றுள் சிலவற்றின் அமரம் மட்டும் பழைய முறையில் சற்றே உயர்ந்திருப்பதைக் கூர்ந்து பார்த்தால் அறியலாம். உங்கள் குடும்பத்தில் பழைய நிழற்படம் ஏதேனும் இருந்தால் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

இன்லே ஏரியில் காலால் துடுப்புப் போடுவது சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்யப்படும் வித்தையா?
— மாணவர், பகோ

இல்லை, அது பிழைப்புக்காக உருவான முறை. இன்லே மிகவும் ஆழமற்ற ஏரி. வறண்ட காலத்தில் அதன் சராசரி ஆழம் ஏறத்தாழ 7 அடிதான். மழைக்குப் பின் மேலும் 5 அடி கூடும். நீருக்கடியிலும் மேலும் பாசியும் நாணலும் அடர்ந்திருப்பதால், அமர்ந்து துடுப்புப் போடுகிறவருக்கு வழி தெரியாது. ஏரியோர மக்களான இன்தா மீனவர் அமரத்தின் முனையில் ஒற்றைக் காலில் நின்று, மற்றொரு காலைத் துடுப்பில் சுற்றி வளைத்து நீரைத் தள்ளுகிறார். நின்றபடி பார்ப்பதால் வழி தெரிகிறது. வலையையும் கூம்பு வடிவக் கூடையையும் கையாள ஒரு கை விடுபடுகிறது. பெண்கள் பெரும்பாலும் அமர்ந்து கையாலேயே துடுப்புப் போடுகிறார்கள். நியவுங்ஷ்வே துறைக்கு அருகே கூடையைத் தூக்கிப் பிடித்து நிழற்படத்துக்காக நிற்பவர்கள் சிலர் உண்டு என்பது உண்மையே. அதைக் கொண்டு முழு வழக்கத்தையும் ஐயுற வேண்டாம். காலைப் பனி விலகும் நேரத்தில் ஏரியின் நடுவுக்குச் சென்றால் உண்மையான வேலையைப் பார்ப்பீர்கள்.

அங்கே தேக்குப் பலகைப் படகுகளை இன்றும் கையால் கட்டுகிறார்கள். பலகை இடுக்குகளில் மரத்தூளையும் அரக்குப் பாலையும் கலந்து, நீர் கசியாதபடி கலப்பத்து அடிக்கிறார்கள். புரட்டாசி, ஐப்பசியை ஒட்டி வரும் பௌங்டோ ஊ கோயில் திருவிழா பதினெட்டு நாள் நடக்கும். அப்போது ஐந்து புத்தர் திருவுருவங்களில் நான்கு, கரவீகம் என்னும் புராணப் பறவையின் வடிவப் படகில் ஊர் ஊராக எழுந்தருளும். நீண்ட படகுகளில் வரிசையாக நின்று நூற்றுக்கணக்கானோர் ஒரே தாளத்தில் காலால் துடுப்புப் போட்டு அதை இழுத்துச் செல்வார்கள். 1965ஆம் ஆண்டு அந்தப் படகு கவிழ்ந்தது. அதிலிருந்து ஐந்தாவது திருவுருவம் கோயிலை விட்டு வெளியே வருவதில்லை. நம் கோயில்களின் தெப்பத் திருவிழாவை அறிந்தவர்கள் அக்கூட்டத்தின் மனநிலையை உடனே உணர்ந்துகொள்வார்கள்.

மாணவர்கள் செல்லும்போது ஒன்றை மனத்தில் கொள்க. ஏரி சுருங்கி வருகிறது. மலைச்சரிவுகளிலிருந்து அடித்து வரும் வண்டலும், மிதக்கும் தக்காளித் தோட்டங்களின் பெருக்கமும், ஆகாயத்தாமரையும் அதற்குக் காரணங்கள். பேரிரைச்சலோடு பறக்கும் மோட்டார்ப் படகில் முழுநாளும் சுற்றாமல், மோட்டாரில் ஏரிக்குள் சென்ற பிறகு ஒரு மணி நேரமாவது துடுப்புப் படகுக்கு மாறி, தோட்டங்களுக்கிடையிலுள்ள வாய்க்கால்களில் போய்ப் பாருங்கள். அந்தக் கூலி ஊராரின் கைக்கே போகும்.

ஐராவதி ஃப்ளோட்டிலா கம்பெனியின் பெரிய நீராவிக் கப்பல்கள் என்னவாயின? நம்மவர் யாரேனும் அவற்றில் வேலை செய்தார்களா?
— வாசகர், மோல்மேன்

1865ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்தக் கம்பெனி, 1920களில் அறுநூறுக்கும் மேற்பட்ட கலங்களை வைத்திருந்தது. உள்நாட்டு நீர்வழியில் ஓடியவற்றுள் உலகிலேயே பெரிய கூட்டம் அது. ஸ்காட்லாந்தில் கட்டிப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே பூட்டிய கப்பல்கள் பல. அவற்றுள் பெரியவை 326 அடி நீளம். ஆயினும் மணல் திட்டுகளுக்கு அஞ்சி, அடிப்பாகம் நீரில் சில அடி மட்டுமே அமிழும்படி செய்யப்பட்டவை. 1885இல் ஆங்கிலேயப் படை மண்டலேக்குச் சென்றதும், பர்மாவின் கடைசி மன்னர் தீபோ நாடு கடத்தப்பட்டபோது ஆற்று வழியே கொண்டு வரப்பட்டதும் இக்கம்பெனியின் கலங்களில்தான். மன்னர் முதலில் சென்னையில் வைக்கப்பட்டு, பிறகே ரத்னகிரிக்கு அனுப்பப்பட்டார் என்பதை நம்மவர் பலர் அறிந்திருப்பதில்லை.

கப்பலில் சுக்கான் பிடித்தவர்களும் எந்திர அறையில் உழைத்தவர்களும் பெரும்பாலும் சிட்டகாங் முஸ்லிம்கள். மூட்டை சுமந்தவர்களில் தெலுங்கரும் தமிழரும் இருந்தனர். டெல்டாவின் நெல், செட்டியார்கள் கடனாகத் தந்த முதலீட்டில் விளைந்து, நீர்வழியே ரங்கூன் ஆலைகளுக்கு வந்து சேர்ந்தது; ஆலைகளிலும் துறைமுகத்திலும் நம் முன்னோர் வியர்வை சிந்தினர். 1942இல் ஜப்பானியர் நெருங்கியபோது, கப்பல்கள் அவர்கள் கையில் சிக்கக்கூடாது என்று கம்பெனியாரே மண்டலேக்கு அருகிலும் பிற இடங்களிலும் பெரும்பகுதியை மூழ்கடித்தனர். எஞ்சிய தொழிலை 1948இல் சுதந்திர அரசு எடுத்துக்கொண்டது.

கண்டோஜி ஏரியிலுள்ள கரவீகப் படகில் ஏறிச் சுற்றி வரலாம் என்று குழந்தைகள் அடம்பிடிக்கிறார்கள். அது நகருமா?
— வாசகி, சஞ்சௌங், யாங்கூன்

நகராது. 1970களில் அரச படகின் வடிவத்தில் எழுப்பிய காங்கிரீட் கட்டடம் அது.

அப்படியானால் யாங்கூனிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப, குழந்தைகளோடு செல்லக்கூடிய படகுப் பயணம் எது? பாதுகாப்பைப் பற்றியும் எழுதுங்கள்.
— வாசகர், பொட்டதாங், யாங்கூன்

பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலுக்குச் செல்லும் குடும்பங்கள், அதே நாளில் கியவுக்தான் சென்று ஆற்றின் நடுவே திட்டில் அமைந்த யெலே பகோடாவுக்குப் படகில் போய் வரலாம். சில நிமிடப் பயணம்தான். ஆனால் படியோரம் கூட்டமாக வரும் பெரிய கெளுத்தி மீன்களுக்கு இரை போடுவதில் குழந்தைகளுக்கு நேரம் போவதே தெரியாது. நீண்ட பயணம் வேண்டுவோர், பான்சோடான் துறையிலிருந்து பெரிய ஃபெர்ரியில் டாலாவுக்குக் கடந்து, அங்கிருந்து சாலை வழியே மட்பாண்டங்களுக்குப் பெயர்பெற்ற துவாண்டே சென்று, கால்வாய்க் கரையில் சரக்குப் படகுகளைப் பார்த்துத் திரும்பலாம். யாங்கூன் ஆற்றையும் ஐராவதியையும் இணைக்கும் அந்தக் கால்வாய் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளமுள்ளது. டாலா துறையில் சம்பான் என்னும் சிறு படகு ஓட்டுபவர்கள் குறைந்த கூலிக்கு அழைப்பார்கள். அவர்கள் திறமையானவர்களே, எனினும் பெரிய கப்பல்களின் அலை எழும் அந்த ஆற்றில், நீச்சல் தெரியாத குழந்தைகளைச் சம்பானில் ஏற்ற வேண்டாம்.

2016 அக்டோபரில் ஐராவதியின் கிளையாறான சிண்ட்வின் ஆற்றில் கனி என்னும் ஊருக்கு அருகே அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு மூழ்கி, மாணவர்களும் ஆசிரியர்களும் உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். திருவிழா நாட்களில் இத்தகைய நெருக்கடி எல்லாத் துறைகளிலும் உண்டு. லைஃப் ஜாக்கெட் படகில் இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் போதாது. கூரையில் கட்டி வைத்திருந்தால் அவிழ்க்கச் சொல்லி, குழந்தையின் அளவுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து, கரையிலேயே அணிவித்து விடுங்கள். படகின் விளிம்புக்கும் நீருக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லையென்றால் ஏறாதீர்கள். மாலை இருட்டிய பிறகு விளக்கில்லாத படகிலும் திரும்ப வேண்டாம்; ஆதலால் கடைசி ஃபெர்ரி எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் கடக்கும்போதே துறையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.